பூட்டிய கட்டம்

எக்செலில் எனக்கு ரொம்பப் பிடித்தது பைவட் டேபிள் இல்லை, ஷீட்டைப் பூட்டும் வசதிதான். பேகம்பேட் பக்கத்துக் கணக்கு ஆபீஸ்களில் மாதக் கடைசியில் சம்பள ஷீட் நாலு பேர் கை மாறும். ரூ. 15,000 அடிப்படைச் சம்பளத்துக்கு பி.எஃப். 12 சதவீதம், 1,800. அந்த ஃபார்முலாவின் மேலேயே யாரோ 1800 என்று அடித்துவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு சம்பளத்தைத் திருத்தினாலும் அந்தக் கட்டம் மட்டும் அசையாது.

வேடிக்கை என்னவென்றால், எக்செலில் எல்லாக் கட்டங்களும் பிறக்கும்போதே 'லாக்டு' தான். 'புரொடெக்ட் ஷீட்' கொடுக்கும்வரை அதற்குப் பலன் இல்லை. ஆகவே வேலை தலைகீழ்: மற்றவர்கள் நிரப்ப வேண்டிய கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+1 அழுத்தி, 'லாக்டு' டிக்கை எடுத்துவிட்டு, அப்புறம் ஷீட்டைப் பூட்ட வேண்டும். இனி டேப் கீயைத் தட்டினால் கர்சர் திறந்த கட்டங்களுக்கு மட்டும் தாவும். வருகை நாட்களை ஏற்றுபவருக்கு மவுஸே வேண்டாம். தடுக்க வந்த பூட்டு வழியும் காட்டுகிறது. இந்த அழகுக்காகவே பூட்டலாம்.

திருடனுக்கு இது பூட்டே அல்ல. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப். உள்ளே போய் ஒரு வரியை நீக்கினால் ஷீட் திறந்துகொள்ளும். ரகசியம் காக்க ஃபைலைத் திறப்பதற்கே பாஸ்வேர்டு வைக்க வேண்டும். அதை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. கைதவறலைத் தடுக்கவோ, பாஸ்வேர்டே இல்லாத பூட்டு போதும்.