ஐடிசி கிராண்ட் சோழா: தென்காசியிலிருந்து ஒரு மதிப்பீடு

ஐடிசி கிராண்ட் சோழா, சென்னை கிண்டியில் அண்ணா சாலையை ஒட்டி அமைந்துள்ள ஐந்து நட்சத்திர விடுதி. 600 அறைகள் கொண்ட இது 2012 செப்டம்பரில் திறக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலையும் சோழர் கட்டடக்கலையையும் முன்மாதிரியாகக் கொண்டது என்பது இதன் அறிமுகம். தலைநகரின் இந்த உயர்கட்டடத்தை, பிற்காலப் பாண்டியரின் தலைநகராக இருந்த தென்காசியின் உயர்கட்டடத்தோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அது காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம்.

எது உயர்கிறது?

1010-இல் ராஜராஜன் நிறைவு செய்த தஞ்சைக் கோயிலில் உயரம் கருவறைக்கு உரியது. ஏறத்தாழ 216 அடி விமானத்தின் முன்னே வாயில் கோபுரங்கள் சிறியவை. பாண்டியர், விஜயநகரர் காலத்தில் இது மாறியது. விமானம் சிறுத்தது, வாயில் ஓங்கியது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய தென்காசிக் கோயில் இந்தப் பிந்தைய மரபைச் சேர்ந்தது. அதன் ஒன்பது நிலைக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 180 அடி.

இரண்டு மரபிலும் உயரத்துக்கு ஒரு பொருள் உண்டு. ஒன்று மையத்தைச் சுட்டுகிறது, மற்றொன்று வாயிலை. விடுதியில் உயர்வது ஒரே மாதிரி அறைகளின் அடுக்கு. விடுதிக்கு அறைகள் தேவை என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சோழரிடமிருந்து அது பெற்றுக்கொண்டது தூணும் அலங்காரமும் பெயரும்தான். உயரத்தை எங்கே வைப்பது என்னும் சோழரின் முடிவு அதில் இல்லை.

சிறப்பு

கண்ணாடிப் பெட்டிகளாகவே எழும் நகர விடுதிகளுக்கு நடுவே தமிழ்க் கட்டட மரபை நினைத்துப் பார்த்த துணிவு பாராட்டத்தக்கது. பசுமைக் கட்டடத்துக்கான லீட் பிளாட்டினம் சான்றும் இதற்கு உண்டு.

யாருக்கான வாயில்?

தென்காசிக் கோபுரத்தை வயலில் நிற்பவரும் பேருந்தில் போகிறவரும் பார்க்கலாம். சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று அதன் வாயிலில் வேகம் கொள்ளும். அங்கே நின்று காற்று வாங்கக் கட்டணம் இல்லை. இதை மிகைப்படுத்தவும் கூடாது. 1939-இன் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை தமிழகத்தின் பல கோயில்களில் ஒடுக்கப்பட்டோருக்குக் கோபுர தரிசனம் மட்டுமே வாய்த்தது. அந்தக் கதவைப் போராட்டமும் சட்டமும் திறந்தன. விடுதியின் வாயிலை அறை வாடகை காக்கிறது. தெருவில் போகிறவருக்கு அங்கே நிழலோ திண்ணையோ கிடையாது.

இந்த வேறுபாட்டின் விளைவைக் காலம் காட்டும். இக்கோயிலைப் பின்னாளில் காப்பவர்களின் பாதம் பணிவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் பொறித்தான். நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றதை 1990-இல் சிவந்தி ஆதித்தன் தலைமையில் நடந்த திருப்பணி மீட்டது. ஊர் தன்னுடையது என்று நினைக்கும் கட்டடத்துக்கே இது நடக்கும்.

குற்றாலத்துக்கான பாடம்

தென்காசிக்கு அருகிலுள்ள குற்றாலத்தில் உயரம் மலையினுடையது. குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும் அதற்கு அடங்கியே நிற்கின்றன. இன்று அங்கே அடுக்குமாடி விடுதிகள் பெருகுகின்றன. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் ஒன்று உயர்கட்டடம் ஆகும். ஆனால் தெருவிலிருந்து திரிகூடமலையை மறைக்க அதைவிடக் குறைந்த உயரமே போதும். அங்கே விடுதி கட்டுவோர் சுவரில் கோயில் தூண்களைச் செதுக்க வேண்டியதில்லை. அருவிக்கு நடந்து போகிறவர் மலையைப் பார்க்க வழிவிட்டால் போதும்.