உள்ளும் புறமும்: தெய்வமணிமாலையின் ஒரு விண்ணப்பம்

இராமலிங்க அடிகள் (1823–1874) இளமைக் காலத்தைக் கழித்த ஏழுகிணறும், அவர் வழிபட்ட கந்தகோட்டமும், நாம் ஊழியம் செய்யும் வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. கந்தகோட்டத்து முருகன்மீது அவர் பாடிய தெய்வமணிமாலை 31 விருத்தங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்றில், நெஞ்சும் நாவும் வேறுபட்டோரின் தொடர்பு தமக்கு நேரலாகாது என அடிகள் வேண்டுகிறார். மேடைகளில் பெரிதும் எடுத்தாளப்படுவது இவ்விண்ணப்பமே. நம் பிரசங்கபீடங்களும் அதற்கு விலக்கல்ல.

ஆயின், அது எடுத்தாளப்படும் முறை ஆராயத்தக்கது. பேசுவோர் பெரும்பாலும் பிறர் ஒருவரை மனத்திற்கொண்டே அதனைச் சொல்லுகின்றனர். விண்ணப்பம் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. விருத்தத்தை முழுமையாகப் படிப்போர்க்கு வேறோர் ஒழுங்கு புலனாகும். ஒருமைப்பட்ட மனத்தோடு இறைவனை நினைப்போரின் உறவை அடிகள் முதலில் கேட்கிறார். இருமனத்தோரின் உறவை விலக்குமாறு அடுத்துக் கேட்கிறார். பின்னர், தம் நாவில் பொய் வாராதிருக்க வேண்டுமென்கிறார். செருக்கு தம்மைப் பற்றாதிருக்க வேண்டுமென்றும் தொடர்கிறார். பிறரைக் குறித்துத் தொடங்கிய சொல் பாடுவோனிடமே திரும்பி வந்து சேர்கிறது. இத்திருப்பமே இவ்விருத்தத்தின் உயிர்நாடி என்பது நம் கருத்து.

எனினும், ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இருமனத்தோரை எல்லாம் விலக்கினால் நம்மோடு எஞ்சுவோர் யாவர்? அந்தியோகியாவில் பேதுரு புறஇனத்தாரோடு உணவருந்திவிட்டு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டார். கலாத்தியர் 2ஆம் அதிகாரம் அச்செயலை மாயம் என்றே குறிக்கிறது. அதற்குரிய கிரேக்கச் சொல் மேடை நடிப்போடு தொடர்புடையது. பவுல் பேதுருவின் உறவை முறித்துக்கொள்ளவில்லை. அவர் இல்லாத இடத்தில் தூற்றவுமில்லை. எல்லார் முன்பாகவும் முகமுகமாய் எதிர்த்து நின்றார். அங்கே உண்மை உறவின் முடிவாக அன்று, உறவின் கடனாக விளங்கிற்று. அடிகளின் விண்ணப்பத்தோடு நற்செய்தி சேர்த்து வைக்கும் சொல் இதுவே.

இதனை நாம் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த பட்டறைத் தொழிலாளி ஒருவர், வேலை போய்விட்டதென்று ஆராதனைக்குப் பின் வாயிலில் நின்று சொன்னார். "ஜெபிக்கிறோம், தம்பி" என்று அவர் தோளைத் தட்டி அனுப்பினோம். சில வாரங்களுக்குப் பின் மீண்டும் சந்தித்தபோது, "ஐயா, எனக்காக ஜெபித்தீர்களா?" என்று கள்ளமின்றிக் கேட்டார். நாம் ஒருமுறையும் ஜெபித்திருக்கவில்லை. "ஆம்" என்று சொல்வது மிக எளிதாயிருந்தது. சொல் நாவின் நுனிவரை வந்தும் விட்டது. "இல்லை, மறந்துவிட்டோம், மன்னியுங்கள்" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, வீட்டில் மூன்று நாட்களாக அடுப்பு எரியவில்லை என்பதை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார்.

நம் உண்மை அவருடைய உண்மைக்கு வழிதிறந்தது. நாம் பயிற்சியால் பெற்ற இனிய சொற்கள் அவ்வழியை எத்தனை பேர்க்கு அடைத்தனவோ! திருப்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் இவ்விருத்தத்தை மேடைக்குக் கொண்டுபோகுமுன் ஜெப அறைக்குக் கொண்டுபோவார்களாக. அங்கே அது யாரைக் குறிக்கிறது என்பதில் ஐயம் எழாது.