நிலாச் சாடியைச் சுற்றி ஒரு நடை

சியோலுக்குப் போகிறவர்கள் முதலில் அரண்மனைகளைப் பார்க்கிறார்கள், பிறகு கடைத்தெருக்களுக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவே அரை நாள் ஒதுக்கச் சொல்வேன். நான்காம் தடத்து மெட்ரோவில் இச்சோன் நிலையத்தில் இறங்கினால் கொரிய தேசிய அருங்காட்சியகம் பக்கம்தான். மூன்றாம் தளத்தில் மண்கலங்களின் கூடம். அங்கே ஒரு வெள்ளைச் சாடி தனியாக நிற்கும். பூ வேலையோ எழுத்தோ கிடையாது. நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் உயரம், கிட்டத்தட்ட அதே அகலம். கொரியர்கள் இதைத் தல்ஹங்ஆரி என்கிறார்கள். தல் என்றால் நிலா, ஹங்ஆரி என்றால் சாடி.

நேராக நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் கிடைக்காது. மெல்லச் சுற்றி வர வேண்டும். முன்னால் முழு வட்டமாக இருந்தது நாலடி தள்ளிப் போனால் ஒரு தோள் தாழ்ந்து தெரியும். பின்பக்கம் போனால் வயிறு லேசாகச் சரிந்திருக்கும். வெள்ளையும் ஒரே வெள்ளையில்லை. ஓரிடத்தில் பால், ஓரிடத்தில் அரிசி கழுவிய நீர், நிழல் விழும் பக்கம் மெல்லிய நீலம். ஒரு சாடிக்குள் இத்தனை சாடிகள். புகைப்படம் இதில் ஒன்றைத்தான் காட்டும். இதற்காகவே விமானம் ஏறலாம் என்பது என் எண்ணம்.

இந்தச் சரிவு எங்கிருந்து வந்தது? 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை, கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசின் சூளைகளில் செய்தவை இவை. இவ்வளவு பெரிய உருண்டையைப் பீங்கான் மண்ணில் ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்ப முடியாது. ஈர மண் தன் கனம் தாங்காமல் அமர்ந்துவிடும். அதனால் குயவர் இரண்டு பெரிய கிண்ணங்களை வனைந்து, பாதி காய்ந்த பதத்தில் ஒன்றை மற்றொன்றின் மேல் கவிழ்த்து, வாயோடு வாய் ஒட்டினார். மேலே வாய் திறந்து, அடியில் காலை இழைத்து, மெருகுப் பூச்சில் தோய்த்து, ஏறத்தாழ 1300 டிகிரி விறகுத் தீயில் சுட்டார். தீயில் மண் இளகும்போது மேல்பாதி தன் கனத்தைக் கீழ்பாதியின் மேல் இறக்கும். இடுப்பில் ஒட்டிய இடம் கொஞ்சம் பிதுங்கும், கொஞ்சம் நெளியும்.

‘குறையின் அழகு’ என்று இதைச் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. குயவர் குறையை நாடவில்லை. முழு வட்டத்தைத்தான் நாடினார், தன்னால் ஆன மட்டும் நெருங்கினார், மிச்சத்தைத் தீயிடம் விட்டார். வேண்டுமென்றே கோணலாக வனைந்த இன்றைய சாடிகள் சிலவற்றைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

நிலா என்ற பெயர் பழையதன்று. வெள்ளைப் பெருஞ்சாடி என்பதுதான் ஏடுகளில் இருந்த பெயர். 20ஆம் நூற்றாண்டில் ஓவியர் கிம் வான்கி, கலை வரலாற்றாளர் சோய் சுனு போன்றவர்களின் காதலால் நிலாப் பெயர் நிலைத்தது. கிம் வான்கி இவற்றை வாங்கிச் சேர்த்தார், திரும்பத் திரும்ப வரைந்தார். சியோலின் புவாம் குன்றுப் பகுதியில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு முன்பே, 1935இல், ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் சியோலில் ஒரு சாடி வாங்கிப் போனார். அது லண்டனில் குயவர் லூசி ரீயின் பட்டறையில் பல்லாண்டு இருந்துவிட்டு, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கிறது. ஜப்பானில் ஒரு சாடிக்கு நேர்ந்தது வேறு கதை. 1995இல் நாராவில் ஒரு கோயிலுக்குள் புகுந்த திருடன் அதைத் தரையில் அடித்து நொறுக்கினான். முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகள். தூளைக்கூடக் கூட்டியெடுத்து ஒசாகா அருங்காட்சியகத்தில் மறுபடி சாடியாக்கினார்கள்.

இந்தச் சாடிகள் பிறந்த ஊரையும் பார்க்க வேண்டுமானால் கியோங்கி மாகாணத்தின் குவாங்ஜுவுக்குப் போகலாம். தெற்கே அதே பெயரில் ஒரு பெருநகரம் இருக்கிறது, அங்கே போய் இறங்கிவிடாதீர்கள். அரசுச் சூளைகள் விறகைத் தேடிப் பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த மலைகளுக்குள் இடம் மாறின. 1752இல்தான் புன்வோன்-ரி என்ற ஆற்றங்கரை ஊரில் நிலைகொண்டன. நிலாச் சாடிகளில் உயர்ந்தவை அதற்குச் சற்று முன், குமசா-ரி சூளையில் பிறந்தவை என்பார்கள். கொஞ்ஜியாமில் உள்ள மண்கல அருங்காட்சியகத்தில் சூளைகளில் தோண்டியெடுத்த சில்லுகள் இருக்கின்றன. முழுச் சாடியில் தெரியாத சுவரின் கனம் அவற்றில் தெரியும்.

கொஞ்ஜியாம் வழியாகப் போகும் ரயிலில் இன்னும் போனால் இச்சோன். இது சியோலின் இச்சோன் நிலையமில்லை, குயவர்களின் ஊர். இன்றும் இங்கே இரண்டு கிண்ணங்களை ஒட்டித்தான் நிலாச் சாடி செய்கிறார்கள். வெளிப்புறத்து ஒட்டை இழைத்து மறைப்பார்கள். உள்ளே அவ்வளவாக இழைப்பதில்லை. பட்டறையில் கேட்டுப் பாருங்கள். அனுமதித்தால் சாடியின் வாய்க்குள் மெல்லக் கையை விட்டு நடுவயிற்றைத் தடவுங்கள். இரண்டு கிண்ணங்களும் சேர்ந்த இடத்தில் ஒரு வரப்பு விரலில் தட்டுப்படும்.