நடுவில் விடுபட்ட 350 கிலோமீட்டர்

நம் பயணக் கட்டுரைகளில் பிராக் வரும், பெர்லின் வரும். நடுவே இருக்கும் சுமார் 350 கிலோமீட்டர் மட்டும் வராது. 'பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்' என ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த வரியோடுதான் சண்டை.

ஷெங்கனுக்குள் எல்லையே இல்லை என்பது இக்கட்டுரைகளுக்குப் பிடித்த வாக்கியம். ஆனா 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை நடத்துகிறது. அதன் பிறகு நான் போன பஸ்ஸில் இரண்டு காவலர்கள் ஏறினார்கள். சில இருக்கைகளை ஒரு பார்வையில் கடந்தார்கள். சிலருடைய கடப்பிதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள், என்னுடையதையும் சேர்த்து. ஒரு பையன் பையோடு இறக்கப்பட்டான். அவனை விட்டுவிட்டு பஸ் கிளம்பியது. யாரும் எதுவும் பேசல.

ரயிலுக்குப் போட்டி வரக்கூடாதென்று ஜெர்மனி பல்லாண்டுகள் தொலைதூரப் பேருந்துகளைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2013 ஜனவரியில்தான் சந்தை திறந்தது. மலிவான டிக்கெட் வந்தது. மாணவர்களும் வேலை தேடிப் போகிறவர்களும் ஏறினார்கள். ஐரோப்பா யாருக்குத் திறந்திருக்கு, யாருக்கு இல்லை என்பது அந்த இருக்கைகளில்தான் தெரிகிறது.

சார்ல்ஸ் பாலத்தின் அழகை வர்ணிக்க கையேடு போதும். பக்கத்து இருக்கைக்காரர் கடப்பிதழை எப்படிப் பிடித்திருந்தார் என்பதைப் போய்வந்தவர்தான் எழுத முடியும். நம்மாட்கள் அதை எழுதாமல் விடுவதற்குப் பக்க அளவு காரணமில்லை. சுற்றுலாப் பயணியாக மட்டுமே தெரிய வேண்டும் என்ற ஆசைதான்.