ஹிஜாஸில் நெல் விளையுமா? சீறாப்புராணத்து நாட்டுப்படலம் பற்றி

சீறாப்புராணம்னு பேச்சு எடுத்தாலே இலக்கியக் கூட்டங்களில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று: உமறுப் புலவர் அரபு நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் தஞ்சாவூரைத் தூக்கிக்கொண்டு போய் மக்காவில் வைத்துவிட்டார். இன்னொன்று: அரபு மண்ணையே தமிழ் மண்ணாக்கிய நல்லிணக்கக் காப்பியம் இது. முதலாவது கிண்டல், இரண்டாவது பாராட்டு. ஆனால் இரண்டுக்கும் காட்டப்படும் சான்று ஒன்றேதான். காப்பியத்தின் தொடக்கத்தில் வரும் நாட்டுப்படலம். அதைத் தாண்டி ஒரு பக்கம் புரட்டாமலே இந்த இரண்டையும் சொல்லிவிடலாம் என்பதுதான் எனக்கு இவற்றோடு உள்ள பிரச்சினை.

முதலில் நூலின் அளவைப் பார்ப்போம். மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5,027 பாடல்கள். விலாதத்துக் காண்டம் (பிறப்பு) 1,240 பாடல், நுபுவ்வத்துக் காண்டம் (நபித்துவம்) 1,104 பாடல், ஹிஜ்றத்துக் காண்டம் (இடப்பெயர்வு) 2,683 பாடல். அதாவது பாதிக்கு மேல் மதீனாவுக்குப் போன பிறகு நடக்கிற கதை. நாட்டுப்படலமும் நகரப்படலமும் 92-ல் இரண்டு. இந்த இரண்டை வைத்து மீதி 90-க்கும் தீர்ப்பு எழுதுவது, ஒரு மென்பொருளின் முகப்புத் திரையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருக்கிற நிரலைப் பற்றிப் பேசுவது மாதிரி.

நாட்டுப்படலத்தில் என்ன இருக்கு? மேகம் கடலில் நீர் முகந்து மலையில் பொழிகிறது. வெள்ளம் இறங்கி ஓடிவருகிறது. வயல் நிறைகிறது. உழவு, நடவு, களை, அறுவடை எல்லாம் வரிசையாக வருகின்றன. நம்ம ஊர்க் கழனியில் நடக்கிற எல்லாமே அரபு நாட்டில் நடக்கிறது. நிஜ ஹிஜாஸ் எப்படி? மக்காவில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை. எங்கள் கடலூர் மாவட்டத்தில் 1,200 மில்லிமீட்டருக்கு மேல். அரபுத் தீபகற்பம் முழுக்கத் தேடினாலும் ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் ‘வாதி’. மழை பெய்தால் வெள்ளம், மற்ற நாளில் வெறும் மணல்.

அப்போ உமறுவுக்கு இது தெரியாதா? தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்கிறேன். அவரைச் சுற்றி இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஆதரித்த வள்ளல் சீதக்காதி, கீழக்கரைக் கடல் வணிகர். அவர் மறைந்தபின் காப்பியம் முடிய உதவியவர் எங்கள் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல்காசிம் மரைக்காயர். காப்பியத்துக்குள்ளேயே பல இடங்களில் புலவர் அவரை நன்றியோடு நினைக்கிறார். வெள்ளாறு கடலில் கலக்கிற அந்தத் துறைமுகம் 17-ஆம் நூற்றாண்டில் பரபரப்பான வணிக ஊர். இந்தக் கரைக்கு அரபியர் வைத்த பெயரே ‘மஅபர்’, கடந்து செல்லும் இடம். 13-ஆம் நூற்றாண்டு இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வருவதைக் குறித்து வைத்திருக்கிறார். நானூறு வருஷமாக அந்தப் பக்கத்து ஆட்களோடு பேரம் பேசிய சமூகத்துக்கு, மக்காவில் நெல் விளையாது என்று தெரியாதா என்ன? ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் ஒருவர் சபையில் இருந்திருந்தால்கூட விஷயம் முடிந்தது.

ஆக, காரணம் அறியாமை இல்லை. காப்பிய இலக்கணம். மலை, கடல், நாடு, நகர், பருவம், சோலை விளையாட்டு, நீர் விளையாட்டு இவையெல்லாம் பெருங்காப்பியத்தில் வரவேண்டும் என்கிறது தண்டியலங்காரம். கம்பர் சரயு நதியைப் பார்த்தவரா? அவருடைய கோசலத்தில் ஓடுவது காவிரித் தண்ணீர்தான். அதைக் கவிச்சிறப்பு என்கிறோம். உமறு அதையே செய்தால் ‘பாவம், அரபு நாட்டைப் பார்த்ததில்லை’ என்கிறோம். ஒரே வேலைக்கு இரண்டு அளவுகோல் எதற்கு?

இதுவரை உமறுவுக்காக வாதாடியாச்சு. இனி அவரோடு கொஞ்சம் சண்டை.

இலக்கணத்துக்காக நெல் நட்டது சரி, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நபிகள் நாயகத்தின் வரலாற்றில் நிலம் சும்மா பின்னணி இல்லை. மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. ஸம்ஸம் கிணறும் கஅபாவும் வணிகமும்தான் அந்த ஊரின் உயிர். விளைச்சல் இல்லாததால்தான் குறைஷியர் வணிகர் ஆனார்கள். குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் ஒட்டகக் கூட்டம் போகும். அங்கிருந்து வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் போனால் யத்ரிப், பிற்கால மதீனா. கிணறும் பேரீச்சந்தோப்பும் உள்ள உழவர் ஊர். 622-ல் நடந்த ஹிஜ்றத், தமிழ்த் திணைக் கணக்கில் சொன்னால், வணிகர் வாழும் பாலையிலிருந்து உழவர் வாழும் மருதத்துக்குப் போன இடப்பெயர்வு. போன பிறகு நடந்த சண்டைகளிலும் நிலம்தான் பேசுகிறது. 624-ல் பத்ரில் கிணறுகளை யார் கையில் வைத்திருப்பது என்பது பெரிய விஷயமாக இருந்தது. 627-ல் மதீனாவின் மற்றப் பக்கங்களை எரிமலைப் பாறையும் தோப்பும் காத்தன. திறந்து கிடந்த வடபக்கத்தில்தான் அகழி தோண்ட வேண்டி வந்தது.

முதல் காண்டத்திலேயே அரபு நாடு முழுக்க வயலாக்கிவிட்டால் இந்த வித்தியாசம் மங்கிப்போகிறது. மதீனாவின் தோப்பு கண்ணுக்குப் புதுசாகத் தெரியாது. ஒரு மனிதர் பிறந்த ஊரை விட்டு, மண்ணின் குணமே வேறாக இருக்கும் இன்னொரு ஊருக்குப் போகிறார் என்ற கனம் வாசகனுக்கு வந்து சேராது. நல்லிணக்கம் என்று பாராட்டுகிறவர்கள் இந்த இழப்பைப் பேசுவதே இல்லை. பாராட்டு என்பது சான்றிதழ் கொடுப்பதோடு முடிந்துபோகிறது.

ஆனால் காப்பியம் அங்கேயே நிற்கவில்லை. முதல் காண்டத்தின் படலத் தலைப்புகளை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதை போந்த படலம், சுரத்திற் புனலழைத்த படலம், பாந்தள் வதைப் படலம், நதி கடந்த படலம், புலி வசனித்த படலம், கள்வரை நதி மறித்த படலம், சாமு நகர் புக்க படலம். கதீஜா அம்மையாரின் வணிகச் சரக்கோடு நபிகள் ஷாமுக்குப் போகும் பயணம் இது. இந்தத் தலைப்புகளில் உள்ள சொற்களைக் கவனியுங்கள்: பாதை, சுரம், பாந்தள், புலி, கள்வர். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். இது அப்படியே பாலைத் திணையின் பொருள்கள். சுரம் கடக்கும் சாத்து, வழிப்பறி செய்யும் ஆறலை கள்வர், தாகம், விலங்கு, வீட்டில் காத்திருக்கும் ஒருவர்.

அரபு வணிகக் கூட்டத்தைச் சொல்ல உமறு புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருஷமாகத் தமிழில் அது தயாராக இருந்தது. நாட்டுப்படலத்தில் ஹிஜாஸும் தமிழ்நாடும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டப்பட்டிருக்கின்றன. பயணப் படலங்களில்தான் இரண்டும் உண்மையாகவே சந்திக்கின்றன. சீறாவைத் ‘தமிழ் மண்ணில் வேர்விட்ட காப்பியம்’ என்று சொல்ல விரும்புகிறவர்கள் காட்டவேண்டிய இடம் இதுதான். நெல்வயல் இல்லை.

அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடமும்கூட. தமிழ்ப் பாலையும் அரபுப் பாலையும் ஒன்றல்ல. நமக்குப் பாலை என்பது நிரந்தர நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் கோடையில் காய்ந்து அடையும் நிலை என்கிறது சிலப்பதிகாரம். மழை வந்தால் பாலை போய்விடும். ஹிஜாஸில் அப்படி இல்லை, அங்கே பாலைதான் நிலம், மழைதான் விருந்தாளி. தமிழ்க் கவிஞனின் கையில் தீராத பாலைக்குச் சொல் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் காண்டத்தின் 24 படலத் தலைப்புகளில் நான்கில் தண்ணீர் வருகிறது: புனல் விளையாட்டு, சுரத்திற் புனலழைத்தது, நதி கடந்தது, கள்வரை நதி மறித்தது. நதியே இல்லாத நாட்டின் கதைக்கு இரண்டு தலைப்பில் நதி! இதைத் தவறு என்று குறிக்க எனக்கு மனம் வரவில்லை. பாலை என்றால் அது தீரவேண்டும் என்று தமிழ் எதிர்பார்க்கிறது. அற்புதம் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறது. நபிகள் சுரத்தில் நீரை வரவழைப்பது மார்க்க நம்பிக்கைக்கு அற்புதம். திணை மரபுக்கு அதுவே முறையான முடிவு. ஒரே நிகழ்ச்சி இரண்டு மரபுக்கும் பொருந்தி நிற்கிறது.

திருவதிகையில் இருக்கிறவனுக்கு இது புரிய ரொம்பத் தூரம் போகவேண்டாம். இங்கே வீரட்டானத்தை ஒட்டி ஓடும் கெடிலத்தைத் தேவாரம் பாடியிருக்கிறது. இன்று வருஷத்தில் பெரும்பகுதி கெடிலம் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்தால் ஒரே நாளில் கரை தொட்டு ஓடும், பிறகு மறுபடி மணல். அரபியில் சொன்னால் அது ஒரு வாதி. அதற்காக அப்பர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. பாட்டில் உள்ள ஆறு ஒன்று, கண்ணில் படும் ஆறு ஒன்று, இரண்டும் கெடிலம்தான் என்று ஏற்றுக்கொள்கிறோம். அந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் உமறுவுக்கும் கொடுக்கலாம்.

இன்னொன்று. மக்காவில் வெள்ளம் என்பதும் முழுக் கற்பனை இல்லை. உமறு வாழ்ந்த அதே நூற்றாண்டில், 1630-ல், பெருமழை வெள்ளம் பள்ளிவாசலுக்குள் புகுந்து கஅபாவின் சுவர்கள் இடிந்தன. உதுமானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் திரும்பக் கட்டினார்கள். மக்காவுக்குக் கிழக்கே சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள தாயிஃபில் திராட்சையும் மாதுளையும் விளைகின்றன. நெல் மட்டும்தான் நம்முடையது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். உமறு காலத்து ஹிஜாஸ் கண்முன்னே மறைந்துகொண்டு வருகிறது. மக்காவில் உதுமானியர் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002-ல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கடிகாரக் கோபுரத்தோடு அடுக்கு விடுதிகள் எழுந்தன. ஜித்தாவின் பழைய நகரம் 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதால் ஓரளவு தப்பித்தது. கட்டடம் போன பிறகு மிஞ்சுவது, அந்த ஊரை மற்ற கரைகளில் இருந்தவர்கள் எப்படி மனதில் வைத்திருந்தார்கள் என்பது. கீழக்கரையும் பரங்கிப்பேட்டையும் வைத்திருந்த படம் நம் மொழியில் 5,027 பாடலாக இருக்கிறது. அதை ஆவணமாக வாசிக்க முடியாது, சரி. ஆனால் எது இலக்கணத்துக்காக வந்தது, எது பயணிகளின் அனுபவத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும். அந்த வேலையை ஆசைப்படுகிற வாசகர் யாரும் தொடங்கலாம்.

ஒரு யோசனை. புதிதாகச் சீறா படிக்கிறவர்கள் நாட்டுப்படலத்தை விட்டுவிட்டு நேராகப் பாதை போந்த படலத்தில் தொடங்குங்கள். சாமு நகர் வரைக்கும் வணிகக் கூட்டத்தோடு நடந்துவிட்டு, அப்புறம் திரும்பி வந்து நாட்டுப்படலம் படியுங்கள். சுரத்தின் தாகத்தைக் கடந்து வந்தவர்களுக்கு, அந்த நெல்வயல் ஒருவன் ஏங்கிய கனவு மாதிரி இருக்கும்.