ஒருவரைச் சுட்டும் பன்மை: ஆங்கிலத் ‘தே’ குறித்து ஒரு நோக்கு

ஆங்கிலப் படர்க்கைப் பன்மைப் பெயராகிய ‘தே’ ஒருவரைக் குறித்து வருவது பிழை என்பது பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்த கருத்தாகும். அது மறு ஆய்வுக்குரியது என்பதே நம் துணிபு.

இச்சொல் ஸ்காண்டிநேவியக் குடியேற்றத்தின்வழிப் பழைய நார்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்ததாகும். ஆணா பெண்ணா எனத் தெரியாத ஒருவரைக் குறிக்க அது ஆளப்பட்டமைக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே சான்று உண்டு. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அவ்வாறு ஆண்டுள்ளனர். 18ஆம் நூற்றாண்டு இலக்கணிகள் அதனை எண்வழுவெனக் கடிந்தனர். ஆண்பாற்சொல்லாகிய ‘ஹி’ இருபாலார்க்கும் பொதுவாக நிறுத்தப்பட்டது. 1850ஆம் ஆண்டுப் பிரித்தானிய நாடாளுமன்றச் சட்டம் ஒன்றும், சட்டங்களில் வரும் ஆண்பாற்சொல் பெண்களையும் உள்ளடக்கும் என விதித்தது. எண் வழுவியதைப் பொறாதவர்கள் பால் வழுவியதைப் பொறுத்துக்கொண்டமை வியப்பிற்குரியது. ‘தௌ’ வழக்கொழிந்தபின், பன்மைக்குரிய ‘யூ’ ஒருமைக்கும் வருவதை இன்று யாரும் குறை கூறுவதில்லை என்பதும் நினைக்கத்தக்கது. ஆண், பெண் என்னும் இரண்டனுள் அடங்காதவர்களைக் குறிக்கவும் இன்று ‘தே’ பயன்படுகிறது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் 2019ஆம் ஆண்டின் சொல்லாக இதனையே தெரிவுசெய்தது.

தமிழர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் எழுந்த உயர்சொல் என்றும், இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வேறுபடுத்திக் காட்டினார். வழக்கை அவர் மறைக்கவில்லை. அதற்குரிய இடத்தைக் காட்டினார். அவ்வழக்கே பின்னர் வென்றது. ‘அவர்’ ஒருவர்க்கே உரியதாக, பன்மைக்கு ‘அவர்கள்’ வேண்டியதாயிற்று. ‘அமைச்சர் அவர்கள்’ என்னுமிடத்து அதுவும் ஒருவரையே சுட்டுகிறது.

ஆயினும் இரண்டும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஆங்கிலப் பன்மை பால் அறியாமையால் அல்லது பால் சுட்ட விரும்பாமையால் எழுவது. தமிழ்ப் பன்மை மதிப்பால் எழுவது. எனவே மொழிபெயர்ப்பில் ‘தே’ வருமிடமெல்லாம் ‘அவர்கள்’ என்றால் ஒருவர் கூட்டமாகிவிடுவார். ‘அவர்’ என்றால், பணப்பையைத் திருடியவனோ திருடியவளோ மூலத்தில் இல்லாத மதிப்பைப் பெறுவர். பல இடங்களில் பெயரை மீண்டும் கூறுவதோ, பால் காட்டாத ‘தன்’, ‘தம்’ என்பவற்றை ஆள்வதோ பொருந்தும்.

பால் காட்டாத ‘டியா’ என்னும் மலாய்ச் சொல்லை நம் மாணவர்கள் நாள்தோறும் இயல்பாக ஆள்கின்றனர். இம்மூன்று மொழிகளையும் ஒருங்கு வைத்துக் கற்பித்தால், எது பிழை என்பதோடு நில்லாமல், வழக்கு ஏன் அவ்வாறு அமைந்தது என்றும் அவர்கள் வினவத் தொடங்குவர். இலக்கணக் கல்வியின் பயன் அவ்வினாவே எனலாம்.