மெட்டு கொடுத்தவர்களும் அடி கொடுத்தவர்களும்

ஒரு தலைப்பு, ஒரு வாரத் தவணை, அதற்குள் ஒரு புதுப் பாட்டு. இணையத்தில் பாட்டுக் கட்டுகிறவர்கள் கூடும் இடங்களில் இப்போது பரவலாக நடக்கும் விளையாட்டு இது. ‘சோங் ஃபைட்’ என்ற அமெரிக்கக் குழு 2000ஆம் ஆண்டு முதல் பாட்டின் தலைப்பை மட்டும் அறிவித்து, வந்து சேரும் பாட்டுகளை வாக்கெடுப்புக்கு விட்டது. 2004இல் பர் செட்டில்ஸ் என்பவர் நண்பர்களோடு தொடங்கிய ‘பெப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மந்த்’ வேறு விதம். 28 நாளில் 14 பாட்டு எழுத வேண்டும். பரிசும் கிடையாது, நடுவரும் கிடையாது. மாத்தளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று நடத்தலாமே என்ற பேச்சு அடிபடுகிறது. தாராளமாக நடத்தலாம். ஆனால் இதைக் கப்பலில் வந்த சரக்கு என்று நினைத்துத் தொடங்கினால் பாதி வேலை வீண். தவணை வைத்துப் பாட்டுக் கட்டும் பழக்கம் இங்கேயும் உண்டு, பாக்கு நீரிணைக்கு அப்பாலும் உண்டு. இரண்டு கரையிலும் அது ஒரே மாதிரி வளரவில்லை.

அந்தக் கரையை முதலில் பார்ப்போம். இந்தியாவில் புலவனைச் சோதிக்க நினைத்தவர்கள் அவன் கையில் கொடுத்தது பெரும்பாலும் சொல். சமஸ்கிருதத்தில் சமஸ்யை என்று ஓர் அடியைக் கொடுத்து மிச்சத்தை நிரப்பச் சொல்வார்கள். தமிழில் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார்கள். பத்திரிகைகள் வந்த பிறகு அவையும் ஈற்றடி அச்சிட்டுப் போட்டி வைத்தன. செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடியும்படி முருகனைப் பாடு என்று காளமேகத்தைச் சீண்டிய கதை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எட்டயபுரத்தில் காந்திமதிநாதன் இளம் பாரதியை இகழும் ஈற்றடி ஒன்றைக் கொடுக்க, பாரதி அதே அடியைக் கொடுத்தவர் பக்கமே திருப்பிவிட்டதாகச் சொல்லும் கதையும் இந்த வகைதான். உருதுக் கவிஞர்களிடம் தரஹீ முஷாயிரா என்று ஒன்று உண்டு. ஒரு வரியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்த யாப்பிலும் இயைபிலும் ஆளுக்கொரு கஸல் எழுதிக்கொண்டு சபைக்கு வர வேண்டும். இன்றைய வாரச் சவாலுக்கு இதைவிடக் கிட்டிய மூதாதையை நான் பார்க்கவில்லை.

தெலுங்கர்கள் இதைச் சர்க்கஸ் அளவுக்குக் கொண்டுபோனார்கள். அஷ்டாவதானத்தில் எட்டுப் பேர் அவதானியைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களைக் கொடுத்து, நாலும் பாட்டில் வர வேண்டும் என்பார். இன்னொருவர் அவதானி ஓர் எழுத்தைச் சொன்ன உடனே, அடுத்து இன்ன எழுத்து வரக்கூடாது என்று வழியை அடைப்பார். ஒருவருக்கு வேலையே குறுக்கே ஏதாவது பேசிக் கவனத்தைக் கலைப்பதுதான். திருப்பதி வேங்கட கவுலு என்ற இரட்டையர் இதில் கொடிகட்டிப் பறந்தார்கள். தமிழில் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். யாழ்ப்பாணத்துப் புலோலியிலிருந்து போன நா.கதிரைவேற்பிள்ளையும் சதாவதானிதான், அவர் பெயரெடுத்தது சென்னையில். அவதானம் பார்க்க அருமையான காட்சி. ஆனால் அதில் பாட்டுக் கட்டுகிறவர் ஒருவர், வாயைப் பிளந்து பார்க்கிறவர்கள் நூறு பேர். அடுத்த நாள் அந்த நூறு பேரில் ஒருவராவது பாட்டெழுத உட்காருவாரா என்பது எனக்குச் சந்தேகம்.

இனி இந்தக் கரை. கோப்பிக் காலத்தில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக நடந்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளை. கண்டியிலிருந்து இங்கே ரயில் வந்தது 1880இல். அதற்கு முன் எல்லாம் கால்நடைதான். மூட்டையில் என்ன இருந்ததோ, தலையில் மெட்டு இருந்தது. கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் ஊரில் பாடிய மெட்டுகள். அதே மெட்டில் இங்கே கங்காணி நுழைந்தான், துரை நுழைந்தான், பெரட்டு என்ற காலை ஆள்கணக்கும் கொழுந்தும் அரைநாள் சம்பளமான அரைப்பேரும் நுழைந்தன. மெட்டு மாறவில்லை, சொல்தான் தோட்டத்துக்குத் தோட்டம், ஆளுக்கு ஆள் மாறியது. சி.வி.வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வந்தது.

அடுத்த கட்டம் அச்சு. தொழிற்சங்கத் தலைவர் கோ.நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளருக்கென்று பாட்டு எழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். அவருடைய ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ 1940இல் சிறு புத்தகமாக வந்தது. எழுத்துத் தெரியாத சனத்துக்குப் பேச்சைவிடப் பாட்டு வேகமாகப் போய்ச் சேரும் என்று அய்யருக்கும் அம்மாளுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு பட்டாளமே வந்தது. ஜில் சுல்தான், கோவிந்தசாமித் தேவர் போன்றவர்கள் நாலு பக்கம், எட்டுப் பக்கத்தில் பாட்டை அச்சடித்து, மலைநாட்டுக் கடைவீதிகளில் நின்று பாடி விற்றார்கள்.

அந்தத் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். மலிவுத் தாள். மேலே பாட்டின் பொருள் கொட்டை எழுத்தில் இருக்கும்: பிரஜாவுரிமை, வேலைநிறுத்தம், சம்பளம், குடியால் கெட்ட குடும்பம். அதன் கீழே, பாட்டு தொடங்குவதற்கு முன்பே, இன்ன சினிமாப் பாட்டின் மெட்டு என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் வாங்குகிறவனுக்குக் கொடுக்கும் சாவி. சுரம் இல்லை, தாளக் குறிப்பு இல்லை. படம் பார்த்தவனுக்கும் வானொலி கேட்டவனுக்கும் மெட்டு ஏற்கெனவே தெரியும். வாசிக்கத் தெரிந்த ஒருவன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் பாடினால் அந்த லயமே பாடிவிடும். பாடி விற்கிறவருக்குத் தவணை என்பது சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கடைவீதியில் கூட்டம் இருக்கும், மடியில் காசும் இருக்கும். அதற்குள் பாட்டுத் தயாராக வேண்டும், அச்சாக வேண்டும். தவறினால் சேதி பழசாகிவிடும்; பழைய சேதியை யார் வாங்குவான்?

இதே தொழில் இந்தியாவிலும் நடந்தது. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சான மலிவுப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஆ.இரா.வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். கொலைச்சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து என்று நடந்தது எதுவானாலும் சில நாளில் பாட்டாகிவிடும். அங்கேயும் மெட்டுக் கடன்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. கொலைச்சிந்து வாங்கியவன் யாரோ ஒருவனுக்கு நேர்ந்ததைக் கேட்டு உச்சுக்கொட்டினான். தோட்டத்துப் பிரசுரம் வாங்கியவன் தன் கதையை வாங்கினான். 1948இல் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, 1964இல் அவர்களில் பெருந்தொகையானவர்களை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இவற்றைப் பற்றி ஒருவன் பாடும்போது கேட்கிறவன் வேடிக்கை பார்க்க முடியாது, ஏனென்றால் கப்பலேற வேண்டியவனே அவன்தான்.

இந்தியத் தமிழனும் மெட்டுக்குப் பாட்டெழுதியவன்தானே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். சென்னை சினிமாவில் இசையமைப்பாளர் தத்தகாரம் போட, கவிஞர் அங்கேயே சொல்லை நிரப்புவது பல காலப் பழக்கம். உலகத்திலேயே பெரிய வாரச் சவால் கோடம்பாக்கம்தான் என்றுகூடச் சொல்வேன். தவணை தவறினால் அங்கே படப்பிடிப்பே நின்றுவிடும். ஆனால் அந்த மெட்டு அப்போதுதான் பிறந்த மெட்டு. கவிஞனும் இசையமைப்பாளரும் இரண்டு தனி ஆட்கள், இரண்டு பேருக்கும் கூலி உண்டு. நம் பாட்டுக்காரன் அந்த முடிந்த பாட்டை எடுத்து, உள்ளே இருந்த காதலைக் காலி செய்துவிட்டு, அரிசி விலையைக் குடிவைத்தான்.

காமன் பண்டிகையில் இந்த ஒப்பீடு கொஞ்சம் குழம்பும், அதையும் சொல்லிவிட வேண்டும். மாசி மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் லாவணி நடக்கும். 1676 முதல் 1855 வரை அங்கே ஆண்ட மராட்டியரோடு வந்த கலை அது. மராட்டியத்தில் கல்கி, துரா என்று இரண்டு கட்சி. தஞ்சையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி. சிவன் பார்வையில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று, டேப்பைத் தட்டிக்கொண்டு விடிய விடிய ஒருவரை ஒருவர் பாட்டாலேயே மடக்குவார்கள். அங்கே மெட்டும் தெரிந்தது, வழக்கும் தெரிந்தது. பதில் மட்டும் புதிது. இதே மன்மதனுக்கு மலையகத் தோட்டங்களில் கம்பம் நட்டுக் காமன் கூத்து ஆடுகிறார்கள். மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் அதை அக்கறையோடு எழுதி வைத்தார்கள். லாவணியின் உயிர் வழக்காடுவதில் இருக்கிறது. தோட்டத்துக் கூத்தின் உயிர் கதையை ஊரே சேர்ந்து நடத்திக் கொடுப்பதில் இருக்கிறது. ரதி அழுதால் பார்க்கிற பெண்களும் அழுவார்கள். கூத்து மாஸ்டரின் கொப்பியில் இருக்கும் பாட்டை மீற ஆட்டக்காரனுக்கு அவ்வளவு இடமில்லை. கோமாளி வரும் இடத்தில்தான் கதவு கொஞ்சம் திறக்கும்.

வழக்காடும் பாட்டுக்கு இலங்கையில் ஆளே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நம் அண்டை வீட்டாரான சிங்களவரிடம் அது ஏராளம். லக்கலை, நாவுலைப் பக்கத்துச் சேனைகளில் இரவுக் காவலுக்குப் பரணில் இருக்கிறவர்கள் பாடுவது பெல் கவி. யானையும் பன்றியும் வராமலிருக்க ஒரு பரணிலிருந்து ஒருவர் பாட, தூரத்துப் பரணிலிருந்து இன்னொருவர் அதே மெட்டில் பதில் பாடுவார். பதில் வராவிட்டால் அந்த ஆள் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். பாட்டுச் சவாலுக்கு இதைவிட நேர்மையான காரணம் வேறு எங்கும் கிடையாது. கடற்கரை நகரங்களில் வாத பைலா. பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியான் பிரபலப்படுத்திய பைலாவின் தாளத்தில், கொடுத்த பொருளைப் பற்றி இரண்டு பாடகர்கள் மேடையிலேயே சொல் கட்டி மோதுவார்கள். அங்கே நடுவரும் உண்டு. அதாவது நடுவர் இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் பெல் கவியிலும் சரி, வாத பைலாவிலும் சரி, மெட்டுக்காக யாரும் மண்டையை உடைப்பதில்லை. அது எல்லாருக்கும் பொதுச் சொத்து.

மெட்டைக் கொடுக்கும் இந்த வழியின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அடி கொடுத்தால் புலவன் மட்டும் வருவான். மெட்டுக் கொடுத்தால் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளும் ஓட்டோ ஓட்டுகிறவனும் வருவார்கள். ஆனால் நூறு வருஷம் கடன் மெட்டில் பாடினால் சொந்த மெட்டுப் போடுகிறவன் எங்கிருந்து வருவான்? இலங்கை வானொலியின் மெல்லிசைப் பாடல்கள் இந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தன. ஆர்.முத்துசாமி, எம்.கே.றொக்சாமி போன்ற தமிழர்கள் சிங்கள சினிமாவுக்கே இசை போட்டவர்கள். ஆற்றல் இல்லாத மண் இது என்று யாரும் சொல்ல முடியாது. ஏ.ஈ.மனோகரன் பாடிப் பிரபலமாக்கிய ‘சுராங்கனி’ மெட்டு 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ஒலித்தது. ஒரு முறையாவது மெட்டு இங்கிருந்து அங்கே கப்பலேறியது. அதே வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீத் வளர்த்து, பிறகு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்குப் போன ‘பாட்டுக்குப் பாட்டு’ இரண்டு நாட்டையும் கட்டிப்போட்டது. ஆனால் அது ஞாபகசக்திக்கு வைத்த சோதனை. ஒரு புதுப் பாட்டும் அதிலிருந்து பிறக்கவில்லை.

இன்றைக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ஜில் சுல்தானை எந்தப் படக் கம்பெனியும் தேடி வரவில்லை. இன்று சினிமா மெட்டில் பாடி யூடியூபில் ஏற்றினால், அந்த இயந்திரமே மெட்டைக் கண்டுபிடித்து உரிமையாளருக்குச் சொல்லிவிடும். ஆகவே வட்ஸ்அப் குழுவில் ஒரு வாரச் சவால் நடத்த நினைப்பவர் இரண்டு கரையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பதுதான் புத்தி. ஒரு வாரம் யாருக்கும் சொந்தமில்லாத நாட்டார் மெட்டு ஒன்றைக் கொடுக்கலாம். கும்மியோ தெம்மாங்கோ, எல்லார் வாயிலும் நிற்பதாக இருந்தால் போதும். அடுத்த வாரம் தெலுங்கரைப் பார்த்து நாலு சொல் கொடுக்கலாம். மெட்டு அவரவர் பொறுப்பு. இரண்டாவது வகை வாரத்தில் ஆள் பாதியாகக் குறையும் என்பது என் கணிப்பு. குறைந்தாலும் நிறுத்தக் கூடாது, ஏனென்றால் மெட்டுப் போடுகிறவன் அந்தப் பாதிக்குள்தான் இருப்பான்.

வாக்கெடுப்பு வேண்டாம். வைத்தால் சொந்தக்காரர் அதிகமுள்ளவர் ஜெயிப்பார். அதற்குத்தான் பிரதேச சபைத் தேர்தல் இருக்கிறதே. நடுவருக்குப் பதிலாகப் பரண் முறையை வைக்கலாம். பாட்டு அனுப்பியவர், அடுத்த வாரத்துக்குள் இன்னொருவர் பாட்டுக்கு ஒரு சரணமாவது பதில் பாட வேண்டும். பதில் பாடாதவருக்கு அடுத்த தலைப்புக் கிடையாது. சிங்களத்தில் பதில் வந்தாலும் ஏற்க வேண்டும், மாத்தளையில் அது வரத்தான் செய்யும். ஒலிப்பதிவு தொலைபேசியிலேயே போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் முழுக்கக் கேட்க மாட்டார்கள். சொல்லைத் தட்டெழுதி உடன் அனுப்பச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதிச் சொல் இரைச்சலில் போய்விடும்.

முதல் வாரத்துக்கு மெட்டு, கும்மி. பொருள், இந்தக் கிழமை மாத்தளைச் சந்தையில் கேட்டுவிட்டு வாங்காமல் வந்த சாமான் ஒன்று. தவணை ஞாயிறு இரவு எட்டு மணி. தோட்டத்தில் சிக்னல் இல்லாதவர்களுக்குத் திங்கள் பெரட்டு வரைக்கும்.